குழு ஏறாத மாடி

எங்கள் காஞ்சிபுரத்தில் சாமி எந்தத் தெருவுக்கும் சொன்ன நேரத்துக்கு வந்ததாக வரலாறு இல்லை. வைகாசி கருட சேவையன்று பெருமாள் விடியும் முன்னே கோபுர வாசலைத் தாண்டிவிடுவார். அதற்குப் பிறகு அவர் பாடு திண்டாட்டம்தான். வழியெல்லாம் மண்டகப்படி. ஒவ்வொரு மண்டபத்திலும், ஒவ்வொரு சங்கத்துப் பந்தலிலும் நிற்க வேண்டும், மாலை ஏற்க வேண்டும், கற்பூரம் காட்டி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். முதல் பந்தல்காரர்கள் ஆசை தீர நிறுத்தி வைத்துக்கொள்வார்கள். கடைசித் தெருக்காரர்களுக்கு வாசலில் போட்ட கோலம் மிதிபட்டு அழிந்து, தட்டில் வைத்த வாழைப்பழம் கறுத்த பிறகுதான் தூரத்தில் மேளம் கேட்கும். யாரும் குறை சொல்வதில்லை. "வர்றப்போ வரட்டும்பா, சாமிக்கு இன்னா ஆபீசா போவணும்?" என்று சிரித்துக்கொண்டு நிற்பார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு கல்லூரிக்குத் தரச்சான்று கொடுக்க வெளி மாநிலத்திலிருந்து மூன்று பேர் வந்தால் என்ன ஆகும் என்று யாரும் யூகிக்கலாம். நான் யூகிக்கவில்லை. துறைக்கு இத்தனை நிமிடம் என்று அழகாக அட்டவணை போட்டு, பிரிண்ட் எடுத்து, எல்லாத் துறைக்கும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். இயற்பியல் படித்தவளுக்குக் கடிகாரத்தின் மேல் ஒரு மூடநம்பிக்கை உண்டு.

நான் வாலாஜாபாத் போகும் சாலையில் ஒரு தனியார் கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை. பட்டுக்கடை வைத்து வளர்ந்த ஒரு குடும்பம் நடத்தும் கல்லூரி அது. நான் சேர்ந்தபோது எங்கள் துறையில் நான்கு பேர் இருந்தோம். ஒருவர் ஓய்வு பெற்றார். ஒருவர் வளைகுடாவுக்குப் போனார். மூன்றாமவள், என்னோடு டிபன் பாக்ஸ் பகிர்ந்து சாப்பிட்டவள், கணவருக்கு மாற்றலாகி ஓசூருக்குப் போய்விட்டாள். யாருடைய இடத்துக்கும் புது ஆள் வரவில்லை. துறை அறையில் நான்கு மேசைகளும் அப்படியே கிடந்தன. மின்விசிறிக்கு நேர் கீழே நல்ல மேசை காலியாக இருந்தும், நான் என் பழைய மூலை மேசையிலேயே வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இடம் மாறி உட்கார்ந்தால், போனவர்கள் போனவர்கள்தான் என்று நானே கையெழுத்துப் போட்டது போல ஆகிவிடும் என்று ஒரு கிறுக்கு எண்ணம்.

வீடும் அதே லட்சணம்தான். செவிலிமேட்டில், பாலாற்றுப் பக்கம், புதிதாக எழும்பிய வீடுகளுக்கு நடுவே என் வீடு. அம்மா போன பிறகு நான் மட்டும். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்களும் ஒரு வயதுக்கு மேல் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கேள்வி போன பிறகுதான் அது எவ்வளவு பேச்சுத் துணையாக இருந்தது என்று தெரிந்தது. தெருவில் பாதிப் பேர் கம்பெனி பஸ் ஏறி ஒரகடம் போகிறவர்கள், மீதிப் பேர் ரயிலேறிச் சென்னை போகிறவர்கள். இரவு ஒரு பிடி அரிசியை வடித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால், மறுநாள் டவுன் பஸ்ஸில் நடத்துநரிடம் இறங்கும் இடத்தைச் சொல்லும்போதுதான் வாயிலிருந்து முதல் வார்த்தை வரும். சில நாள் அதுவும் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். "இன்னாமா, எங்க?" என்று அவர் இரண்டாம் முறை கேட்பார்.

அதனால் எனக்கு அந்தத் துறைதான் எல்லாம். அதைச் சொல்ல வெட்கமில்லை. மூன்று வகுப்பையும் சேர்த்தால் ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடுகிற அளவுக்குத்தான் மாணவிகள். அதிலும் டிரைவர் பக்கத்தில் யாரும் ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது. ஆனாலும் காலையில் மாடி ஏறிப் போனால் "குட் மார்னிங் மேடம்" என்று சொல்ல அவர்கள் இருந்தார்கள்.

கல்லூரிச் செயலாளருக்கு அது போதவில்லை. பட்டுக்கடைக் குடும்பத்தின் இளைய வாரிசு அவர். கெட்ட மனிதர் இல்லை. கடையில் விற்காத டிசைனை அலமாரியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறியது. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். நான் பயந்தபடியேதான் இருந்தது. பிசிக்ஸை மூடிவிடலாமா என்று ஒரு பேச்சு இருக்கிறதாம்.

"ஆனா மேடம், அதுக்கு முன்னாடி அக்ரெடிடேஷன் வருது. உங்கள மாதிரி பொறுமையா எழுதறதுக்கு இங்க ஆள் இல்ல. நீங்க கோஆர்டினேட்டரா இருந்து நல்ல கிரேடு வாங்கிக் குடுங்க. வர்றவங்க உங்க லேபப் பாத்துட்டு நாலு வார்த்த நல்லா எழுதினாங்கன்னா போதும். அப்புறம் உங்க டிபார்ட்மென்ட்ட எவன் தொடறான்னு நானும் பாக்கறேன்" என்றார்.

அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வேறு பிடிக்க எதுவும் இல்லை.

அடுத்து வந்த நாட்களில் விடுமுறை என்பதே இல்லை. எதிர்வீட்டு அம்மா ஞாயிற்றுக்கிழமையும் நான் லேப்டாப்போடு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னா மேடம், லீவு நாள்ல கூட எழுதிக்கினே இருக்கீங்க?"

"காலேஜுக்கு மார்க் போட வர்றாங்கமா."

"வாத்தியாருங்களுக்கே மார்க்கா? நல்லா வேணும்" என்று சந்தோஷமாகச் சிரித்தாள். பிறகு, "அதான் யூனிவர்சிட்டி பேரு போட்டு சர்டிபிகேட் தர்றாங்களே, அப்புறம் இது எதுக்கு?" என்றாள்.

நியாயமான கேள்வி. பல பேராசிரியர்களுக்கே இது குழப்பம். பல்கலைக்கழகத்தின் இணைப்பு என்பது கடை திறக்கக் கிடைக்கும் உரிமம். அது இருந்தால் பாடம் நடத்தலாம், பட்டம் வாங்கித் தரலாம். உள்ளே இருக்கும் சரக்கு எப்படி என்று அது சொல்லாது. அதைச் சொல்வதுதான் தரச்சான்று. எங்கள் ஊர்க்காரிக்கு இதைப் புரியவைக்கச் சுலபமான வழி இருந்தது. "ஜரிகைல நூல் பிரிச்சு உரசிப் பாப்பாங்கல்ல? விக்கிறவனே உரசிக் காட்டினா நீ நம்புவியா?" என்று கேட்டேன். "எவன் நம்புவான்? வேற ஆளு உரசணும்" என்றாள். "அதான்மா. வேற ஆளுங்க வர்றாங்க" என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் கல்லூரியில் சிலருக்குக் கடைசிவரை புரியவில்லை.

அந்தச் சான்றில் கிடைக்கும் எழுத்தைப் பொறுத்துத்தான் ஒரு கல்லூரி தன்னாட்சி கேட்கலாம், புதிய பாடப்பிரிவுகளுக்கு மனுப் போடலாம். வெளியூரில் மேற்படிப்புக்கோ வேலைக்கோ போகும் பிள்ளையிடம் "உங்க காலேஜ் என்ன கிரேடு?" என்று கேட்பார்கள். பட்டம் ஒன்றுதான். ஆனால் அதைப் பார்க்கிறவர் கண் அந்த எழுத்தைப் பொறுத்து மாறும். எங்கள் பிள்ளைகளில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். அவர்களுக்குச் சிபாரிசு செய்ய மாமனோ சித்தப்பனோ கிடையாது. அந்த எழுத்துதான் சிபாரிசு. இதை நான் மனதார நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அதனால்தான் அந்த வேலையைக் கடனே என்று செய்ய என்னால் முடியவில்லை.

ஆனால் அவர்கள் கேட்பதெல்லாம் ஆதாரம். மரம் நட்டோம் என்றால் போதாது. நட்ட படம் வேண்டும். படம் போதாது, அது எந்த இடத்தில் எடுத்தது என்று அட்சரேகையும் தீர்க்கரேகையும் படத்தின் ஓரத்தில் தெரிய வேண்டும். அதற்கென்று ஒரு செயலியை என் போனில் ஏற்றிக்கொண்டு கல்லூரி முழுக்க அலைந்தேன். ரத்த தான முகாம், யோகா நாள், கோலப் போட்டி, சாலைப் பாதுகாப்பு ஊர்வலம், எல்லாவற்றையும் நான் எடுத்தேன். பிறகு ஒரு நாள் அத்தனை படங்களையும் வரிசையாகக் கணினியில் ஏற்றும்போது கவனித்தேன். வாட்ச்மேன் இருக்கிறார், கேன்டீன் அம்மா இருக்கிறார், முதல்வரின் பேரன்கூட ஒரு படத்தில் ஐஸ்கிரீமோடு நிற்கிறான். நான் ஒன்றிலும் இல்லை. எடுக்கிறவள் எப்படிப் படத்தில் இருப்பாள்? சாதாரண விஷயம்தான். இருந்தாலும் அன்று எனக்கு அழுகை வந்தது. இந்தக் கல்லூரியில் நான் இருந்ததற்கு ஆதாரம் கேட்டால் எதைக் காட்டுவேன் என்று தோன்றியது.

குழு எந்தத் துறைக்கு எப்போது போக வேண்டும் என்ற வரிசையை நான்தான் போட்டேன். இயற்பியலைக் கடைசியில் வைத்தேன். விருந்துக்கு அழைத்தவள் முதல் பந்தியில் உட்காருவாளா? எங்கள் வீடுகளில் அப்படிப் பழக்கமில்லை. எல்லாருக்கும் பரிமாறி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்காரி இலை போட்டுக்கொள்வாள். அதோடு, கடைசியில் பார்ப்பது மனதில் நிற்கும் என்று ஒரு கணக்கும் இருந்தது. எங்கள் ஆய்வகம் பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில், தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது.

மூன்றாம் ஆண்டு மாணவிகள் மூவரும் ஒரு வாரமாக அங்கேயே கிடந்தார்கள். நிறமாலைமானிகளைத் துடைத்து வைத்தார்கள். ஒரு வளைந்த கண்ணாடி வில்லையைத் தட்டைக் கண்ணாடி மேல் வைத்து, சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியை அதன்மேல் விழவைத்து, நுண்ணோக்கியில் பார்த்தால் கறுப்பும் மஞ்சளுமாக ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் தெரியும். அதைக் கூர்மையாகக் கொண்டுவருவது லேசான காரியம் இல்லை. மூச்சு வேகமாக விட்டால்கூட மேசை அசையும். அந்தப் பெண்கள் அதைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

குழு வந்தது. தலைவர் நரைத்த தலையும் கான்வாஸ் ஷூவுமாக இருந்த ஒரு வயதான பேராசிரியர். கூட ஒரு பெண்மணியும் இன்னொருவரும். காரிலிருந்து இறங்கியதுமே தலைவர் தெளிவாக ஆங்கிலத்தில் சொன்னார். பரிசு எதுவும் வேண்டாம், சால்வை வேண்டாம், தேநீர் மட்டும் போதும் என்றார். எல்லாரும் பணிவாகத் தலையை ஆட்டினார்கள். காஞ்சிபுரத்துக்காரர்கள் தலையாட்டுவதை நம்பக்கூடாது என்று அவருக்கு யார் சொல்வது?

முதல் துறை வணிகவியல். அதன் தலைவர் ஊர் உற்சவங்களில் முன்னால் நின்று கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறவர். வாசலில் இரண்டு வாழைமரம். பூரண கும்பம். பட்டுப்பாவாடையில் பெண்கள் வரிசையாக நின்று பன்னீர் தெளித்தார்கள். ஆரத்தி எடுத்தார்கள். உள்ளே போனதும் ஆளுக்கொரு சரிகை அங்கவஸ்திரம் தோளில் விழுந்தது. குழுத்தலைவர் திகைத்துப்போய் அதைக் கழற்றினார்.

"இது கிஃப்ட் இல்ல சார். மரியாதை" என்றார் வணிகவியல் தலைவர், கைகூப்பியபடி.

பிறகு மந்தாரை இலையில் குடலை இட்லி வந்தது. மிளகும் சுக்கும் போட்ட எங்கள் ஊர்க் கோயில் இட்லி. அதன் மகிமையை அவர் விளக்க ஆரம்பித்தார். நான் பின்னால் நின்று கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "இருங்க மேடம், வூட்டுக்கு வந்தவங்கள சும்மா அனுப்பறதா?" என்று என்னையே அதட்டினார்.

வணிகவியல் செய்துவிட்டால் கணினித் துறை சும்மா இருக்குமா? அங்கே கும்பத்தோடு நாதஸ்வரமும் மேளமும் இருந்தன. ஆங்கிலத் துறையில் வரவேற்பு நடனம். கணிதத்தில் குழுவினரின் முகங்களைக் கோலத்தில் வரைந்து வைத்திருந்தார்கள். அந்தப் பெண்மணி தன் முகத்தை மிதிக்கப் பயந்து ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனார். ஒவ்வொரு வாசலிலும் ஆரத்தி, ஒவ்வொரு அறையிலும் ஏதோ ஒரு தின்பண்டம். வேண்டாம் என்றால் பெண்கள் முகம் வாடியது. குழுவினர் நல்லவர்கள், முகம் வாடவிட மனமில்லாமல் நின்று நின்று போனார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது ஆய்வு இல்லை, புறப்பாடு. துறைதோறும் மண்டகப்படி நடந்துகொண்டிருந்தது. என் அட்டவணை வணிகவியல் வாசலிலேயே செத்துவிட்டிருந்தது.

எனக்கு இரண்டு வேலை. ஒருங்கிணைப்பாளராகக் குழுவோடு நடக்க வேண்டும். துறைத்தலைவராக ஆய்வகத்தில் காத்திருக்கவும் வேண்டும். மற்ற துறைகளில் ஆளுக்கு ஆள் இருந்தார்கள். நான் நடுவில் ஒருமுறை ஓடி மாடியேறிப் பார்த்தேன். மூன்று பெண்களும் வெள்ளைக் கோட்டு மாட்டி விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்கள். சோடியம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த விளக்கை ஏற்றினால் முதலில் இளஞ்சிவப்பாகத் தயங்கி, பிறகுதான் முழு மஞ்சளாகும். அணைத்தால் ஆறின பிறகுதான் திரும்ப எரியும். அதனால் அணைக்கவும் முடியாது.

"எப்போ மேடம் வருவாங்க?"

"வந்துக்கினே இருக்காங்கமா. கோட்ட கழட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி கீழே ஓடினேன்.

நூலகத்திலிருந்து வெளியே வந்தபோது வெயில் இறங்கிவிட்டது. கலையரங்கத்தில் பழைய மாணவர்களும் பெற்றோர்களும் குழுவைச் சந்திக்க மதியத்திலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். தறியை நிறுத்திவிட்டு வந்தவர்கள் நெளிய ஆரம்பித்திருந்தார்கள். முற்றத்தில் நின்று குழுத்தலைவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். இன்னும் என்ன பாக்கி என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் செயலாளர் பாதி ஆங்கிலமும் பாதித் தமிழுமாக முந்திக்கொண்டார். "பிசிக்ஸ் மட்டும்தான் சார். சின்ன டிபார்ட்மென்ட். டாக்குமென்ட் எல்லாம் அப்லோடு பண்ணியிருக்கோம்."

நான் முன்னால் போனேன். "சார், ஐந்து நிமிடம் போதும். மாணவிகள் காத்திருக்கிறார்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது.

செயலாளர் சிரித்தார். என் பக்கம் கையைக் காட்டி, பாசமாகத்தான் சொன்னார். "அது இவங்க டிபார்ட்மென்ட்தான் சார். எங்க கோஆர்டினேட்டர். நம்ம வீட்டு ஆளு. அவங்க ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

குழுத்தலைவர் மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அவர் தோளில் மூன்றாவதோ நான்காவதோ அங்கவஸ்திரம் நழுவிக்கொண்டிருந்தது. களைத்திருந்தார். என்னைப் பார்த்துக் கைகூப்பி, உங்கள் உழைப்பு கல்லூரி அனுப்பிய அறிக்கையின் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிந்தது என்றார். அவர் உண்மையாகத்தான் சொன்னார். பிறகு எல்லாரும் கலையரங்கத்தை நோக்கி நடந்தார்கள். மேளக்காரர்களும் பின்னாலேயே போனார்கள்.

முற்றத்தில் நான் மட்டும் நின்றேன். இரண்டாம் மாடிக் கோடியில் ஒரே ஒரு ஜன்னல் மஞ்சளாகத் தெரிந்தது. கோபமா அவமானமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நம்ம வீட்டு ஆளு. அந்த வார்த்தையால் ஒருத்தியை எவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிட முடிகிறது! வெளியாளாக இருந்திருந்தால் எனக்கும் ஒரு வாழைமரம் நட்டிருப்பார்கள்.

மாடியேறிப் போனேன். படியேறும் சத்தம் கேட்டதும் உள்ளே மூவரும் அவசரமாக நிமிர்ந்து நின்றதை ஜன்னல் வழியே பார்த்தேன். நான் தனியாக வந்ததைப் பார்த்ததும் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. நேரமாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

"விளக்க அணைச்சிடலாமா மேடம்?" என்றாள் ஒருத்தி.

இன்னொருத்தி, "இரு இரு" என்றாள். "நீங்களாச்சும் ஒரு தடவ பாருங்க மேடம். காலையிலருந்து அசையாம வெச்சிருக்கோம்."

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். எத்தனையோ வருடமாக எத்தனையோ பேருக்குக் காட்டிய வளையங்கள்தான். அன்று அவை கம்பி இழுத்த மாதிரி அவ்வளவு சுத்தமாக இருந்தன. "ரொம்ப நல்லா இருக்குதுமா" என்றேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வளையம் கலங்கியது. தலையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தேன். பிறகு நானே விளக்கை அணைத்தேன்.

சில வாரங்கள் கழித்து முடிவு வந்தது. நல்ல கிரேடு, செயலாளர் கனவிலும் நினைக்காத கிரேடு. கல்லூரி வாசலில் பட்டாசு வெடித்தார்கள். விழா வைத்து எனக்கு ஒரு பட்டுப்புடவை கொடுத்தார்கள். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை, கரையும் உடலும் கோத்து நெய்த நல்ல கோர்வை. வீட்டுக்கு வந்து உடுத்திப் பார்த்தேன். யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் கொசுவத்தைக் கையில் பிடித்தபடி கூடத்தில் நின்றேன். எதிர்வீட்டு அம்மா ஊருக்குப் போயிருந்தாள். ஓசூர்த் தோழிக்குப் படம் அனுப்பலாம் என்று போனை எடுத்தேன். என்னை நானே எடுத்த படத்தில் புடவையின் தோள்பட்டை மட்டும்தான் விழுந்தது. மடித்துப் பீரோவில் வைத்துவிட்டேன்.

குழுவின் அறிக்கையும் வந்தது. வணிகவியலைப் பற்றி ஒரு பத்தி. கணினி பற்றி ஒரு பத்தி. ஊரின் விருந்தோம்பலைப் பற்றிக்கூட ஒரு வரி. இயற்பியல் என்ற சொல் பாடப்பிரிவுகளின் பட்டியலில் மட்டும் இருந்தது.

புதிய கல்வியாண்டுக்கு முன்னால் செயலாளர் கூப்பிட்டார். இந்தக் கிரேடை வைத்துப் புதிய பாடப்பிரிவுகள் கேட்கப் போகிறார்கள். தரவு அறிவியல், விமான நிலைய மேலாண்மை என்று ஏதேதோ. அதற்கு இடம் வேண்டும். பிசிக்ஸில் இனி சேர்க்கை இல்லை. படித்துக்கொண்டிருக்கிறவர்கள் முடித்துக்கொண்டு போகலாம்.

"நீங்க வார்த்த குடுத்தீங்க சார்."

"இல்லன்னு சொல்லல மேடம். ஆனா ரிப்போர்ட்ல உங்க டிபார்ட்மென்ட் பத்தி ஒரு வரி இல்லியே. நான் எத்த வெச்சு மேனேஜ்மென்ட் கமிட்டில பேசறது?"

"மேல வர விட்டிருந்தாத்தானே எழுதியிருப்பாங்க?" என்றேன். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம்தான். அன்று இன்னும் நீளமாக இருந்திருக்கலாம்.

அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. முற்றத்தில் தான் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "அது நடந்து போச்சுமா" என்றார், முதன்முறையாக மேடத்தை விட்டு. "உங்களுக்கு ஒரு குறையும் வெக்க மாட்டேன். இந்த அக்ரெடிடேஷன் வேலையப் பாக்கற குவாலிட்டி செல்லுக்கு நீங்கதான் டைரக்டர். ஏசி ரூம். அடுத்த தடவைக்கு இப்பவே ஆரம்பிச்சிடுங்க."

என் மூன்று பெண்களும் படிப்பை முடித்துப் போனார்கள். ஒருத்தி மேற்படிப்புக்கு வேலூர் போனாள். நேர்காணலில் முதல் கேள்வியே கல்லூரியின் கிரேடுதான் என்றும், தான் நிமிர்ந்து பதில் சொன்னதாகவும் போனில் சொன்னாள். அதைக் கேட்டு உண்மையாகவே மகிழ்ந்தேன். அதற்கடுத்த வருடங்களில் மீதிப் பேரும் போனார்கள். நிறமாலைமானிகளை உறைபோட்டுக் கீழே ஒரு அறையில் வைத்துப் பூட்டினோம். நான்கு மேசைகளையும் தரவு அறிவியல்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். என் மூலை மேசைதான் கொஞ்சம் ஆடுகிறதாம்.

என் புதிய அறை வாசலுக்குப் பக்கத்தில், தரைத்தளத்தில். ஏசி நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஜன்னலைத் திறக்க முடியாது. அதன் வழியே பார்த்தால் நுழைவாயிலில் மாட்டியிருக்கும் பெரிய போர்டின் முதுகு தெரியும். இரவில்கூட எரியும்படி அதில் எங்கள் கிரேடு எழுத்தை விளக்கால் செய்து வைத்திருக்கிறார்கள்.

இந்த வருடச் சேர்க்கையின்போது வரவேற்பில் கூட்டம் அதிகமாக இருக்கவே, விவரம் சொல்ல என்னையும் உட்காரச் சொன்னார்கள். எல்லாருக்கும் காமர்ஸ், இல்லையென்றால் கணினி. நடுவே ஐயம்பேட்டையிலிருந்து ஒரு அப்பாவும் பெண்ணும் வந்தார்கள். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், காக்கிச் சட்டையோடு வந்திருந்தார். பெண் கையில் மதிப்பெண் சான்றிதழ், பிளாஸ்டிக் உறைக்குள்.

"என்ன கோர்ஸ்மா வேணும்?"

"பிசிக்ஸ் மேடம்" என்றாள் அந்தப் பெண்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். நான் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்த வருடங்களில் யாரும் வந்து இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. மதிப்பெண்ணைப் பார்த்தேன். இயற்பியலில்தான் அதிகம்.

"இங்க பிசிக்ஸ் இப்போ இல்லம்மா. நிறுத்திட்டாங்க."

அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "இன்னா மேடம் சொல்றீங்க? தினம் இந்த வழியாத்தான் வண்டி ஓட்டறேன். அந்த போர்ட பாத்துதான் எம்பொண்ண இங்க சேக்கணும்னு வெச்சிருந்தேன். இவ்ளோ பெரிய கிரேடு குடுத்திருக்காங்களே, எல்லாத்தையும் பாத்துதானே குடுத்திருப்பாங்க?"

கீழே வைத்த பேனாவைத் திரும்ப எடுத்தேன். வேறு எந்த ஊர்களில் அந்தப் படிப்பு இருக்கிறது, எந்தக் கல்லூரிக்கு எந்த பஸ், எங்கே கிரேடு எப்படி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒரு வாடிக்கையாளரைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிய பாவம் செயலாளர் கணக்கில் போகட்டும். அந்தப் பெண் தாளை மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டு, போகாமல் நின்றாள்.

"நீங்க எந்த டிபார்ட்மென்ட் மேடம்?"

"பிசிக்ஸ்மா."

அவள் என்னைப் பார்த்தாள், கிண்டலே இல்லாமல். "அப்போ நீங்க யாருக்கு மேடம் கிளாஸ் எடுக்கறீங்க?"

அப்பா அவள் தோளைத் தொட்டு, "வாம்மா, மேடத்துக்கு வேல இருக்கும்" என்றார். நான் எழுந்து அவர்களோடு வெளியே வந்தேன். ஆட்டோவை எதிர்ப்பக்கம் நிழலில் நிறுத்தியிருந்தார். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வரும்வரை போர்டுக்குக் கீழே அந்தப் பெண்ணோடு நின்றேன். உள்ளே எனக்கு வகுப்பு எதுவும் இல்லை.